சோம்பேறி முட்டைப்பை

ஸ்கேன் திரையில் கறுப்பாக இரண்டே புள்ளிகள், கடுகு சிதறியது போல. இத்தனை நாள் ஊசிக்கு இந்நேரம் திராட்சைக் கொத்து மாதிரி திரண்டிருக்க வேண்டும். டாக்டரம்மா கருவியை இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார்.

"ரத்தத்துல ஈஸ்ட்ரோஜனும் ஏறலைம்மா. முட்டை வளர்ந்தா அது தானா ஏறணும். உங்க முட்டைப்பை மருந்தைக் கண்டுக்கவே இல்ல."

அவள் உடையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். தொப்புளைச் சுற்றி, கணவன் தினமும் குத்திய ஊசியின் நீலம் பாரித்த தடங்கள். அவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்தின் விளிம்பு சரியாக அங்கேதான் வந்து இடிக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு வேலை பார்த்ததற்குக் கைமேல் பலன் இது.

வெளியே வந்து விஷயத்தைச் சொன்னாள். மாமியார் வாயைத் தீட்டி வைத்திருந்தாள்.

"விளையாத மண்ணுக்கு எத்தனை உரம் போட்டு என்ன? வேற ஒருத்தி முட்டை கிடைக்குமான்னு கேளுடா."

"இவளை எழுப்பவே ரெண்டு அலாரம் வேணும்மா," என்று கணவன் சிரித்தான். "முட்டைப்பையும் அதே சோம்பேறி."

அவளுக்குச் சுருக்கென்றது. தன் பிள்ளை தன் முட்டையில்தான் உருவாக வேண்டும் என்று அவள் கேட்டது ஒன்றே ஒன்று. அதையும் வெற்றிலையை மடிப்பது போல மடித்து வாயில் போட்டுக்கொண்டார்கள்.

மூவரும் உள்ளே போனார்கள். கணவன் உட்காருவதற்கு முன்பே, "டோனர் முட்டைன்னா எப்ப ஆரம்பிக்கலாம் டாக்டர்?" என்றான்.

டாக்டரம்மா புருவத்தைச் சுருக்கினார். "அவசரம் வேண்டாம். இவங்க முட்டைக் கையிருப்பு டெஸ்ட்ல நல்லா இருந்துச்சே, அதான் இடிக்குது. மருந்தை எங்க வெச்சிருந்தீங்க?"

"ஃப்ரிட்ஜ் கதவுல," என்றாள் அவள்.

கணவன் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தான். மாமியார் முந்திக்கொண்டாள்.

"ஒரே ஒரு ராத்திரிதான் டாக்டர் ஃப்ரீசர்ல வெச்சேன். என் பொண்ணுக்குச் சம்பந்தம் பேச வந்தவங்க ஃப்ரிட்ஜைத் திறந்து பிள்ளை ஊசியைப் பார்த்தா மானம் போயிடாதா? கல்லு மாதிரி ஆயிடுச்சுதான். காலையில இவன் எடுத்து வெளிய வெச்சான், இளகிடுச்சே!"

அன்று அவள் கடையில் இருந்தாள். வீடு திரும்பியபோது மருந்து கதவில் பழையபடி இருந்தது.

"தெரிஞ்சே குத்தினீங்களா?" என்று கணவன் பக்கம் திரும்பினாள்.

"சொன்னா நீ ஆடுவியேன்னுதான்..."

"ஆடுவேன்! என் வயித்துல தினம் செத்த மருந்தைக் குத்திட்டு, சோம்பேறின்னு எனக்கே பட்டம் கட்டினீங்களே! அம்மா மானத்துக்குப் பூட்டு, என் உடம்புக்குப் பழியா?"

"உறைஞ்ச மருந்து கெட்டுத்தான் போயிருக்கும்," என்றார் டாக்டரம்மா. "அது மட்டும்தான் காரணம்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா இதை வெச்சு உங்க முட்டைப்பையை எடைபோடவும் முடியாது. இந்தத் தடவை நிறுத்திடுவோம். அடுத்த மாதவிடாய் வந்ததும் புது மருந்து."

"சரி டாக்டர். டோனர் பேச்சு வேண்டாம். மருந்து இனி நான் வேலை பார்க்கிற கடை ஃப்ரிட்ஜ்ல இருக்கட்டும்."

"கடையிலயா?" கணவன் பதறினான். "அங்க நாலு பேர் பார்ப்பாங்களே!"

"பார்க்கட்டும். அவங்க சாப்பாட்டு டப்பாவைத்தான் திருடுவாங்க, பிள்ளையை இல்ல."

டாக்டரம்மா பக்கத்தில் நின்ற நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"சிஸ்டர், நானே எப்படிக் குத்திக்கிறதுன்னு சொல்லிக் குடுங்க."

"வீட்டுக்காரரும் பார்த்துக்கட்டுமா?"

"அவர் குத்தினது போதும்," என்றாள். "ரெண்டு பேரையும் வெளிய இருக்கச் சொல்லுங்க."