கிலோ கூலிக்கும் பேறுகாலச் சம்பளம்

காவலூர் சாலையோரத்தில் இருக்கும் அமீனுல்லாவின் புளிக் கொட்டகையில் அன்று மதியம் ஒரே சிரிப்பு. கிலோவுக்கு இவ்வளவு என்ற கூலிக்குப் புளியில் கொட்டை நீக்கும் பதினைந்து பெண்களும் வேலையை நிறுத்திவிட்டு, தங்களோடு வேலை செய்யும் ஏழு மாதக் கர்ப்பிணியான சிவசங்கரிக்கு வளையல் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். முதலாளியின் மனைவி தாஹிரா வாணியம்பாடியிலிருந்து பெரிய தூக்கு நிறையப் பாயசம் கொண்டுவந்திருந்தாள்.

“புள்ள பொறந்தா எப்போ வேலைக்கு வருவே?” என்று கேட்டாள் தாஹிரா.

“ஒரு மாசத்துல வந்துருவேன்க்கா. கிலோ கூலிக்கு லீவு சம்பளம் கெடையாதுன்னு பாய் சொல்லிட்டாரு.”

சிரிப்பு அடங்கியது. அமீனுல்லாவுக்குச் சங்கடமாகிவிட்டது. “நான் இன்னா பண்றது? மாசச் சம்பளம்னா கணக்கு இருக்கு. இவங்களுக்கு ஒரு நாள் ஐந்நூறு, ஒரு நாள் இருநூறு, மழை வந்தா ஒண்ணுமில்ல. எதை வெச்சு தர்றது?”

மூத்த வேலைக்காரி செல்லம்மா மெல்லச் சொன்னாள்: “என் பையனப் பெத்தப்போ நான் வேற மொதலாளிகிட்ட இருந்தேன் பாய். இருபதாம் நாளே வேலைக்குப் போனேன். பால் கட்டிக்கினு ஜுரம். அழுதுக்கினே கொட்டை எடுத்தேன். அவரும் இதையேதான் சொன்னாரு.”

தாஹிரா கணவனைப் பார்த்தாள். “ஏங்க, கணக்கு தெரியலன்னா கேக்கலாமே?” என்றவள், அங்கேயே தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

எதிர்முனையில் ஓர் அம்மா பொறுமையாக விளக்கினார். “பிரசவத்துக்குக் குறிச்ச தேதிக்கு முந்தின ஒரு வருஷத்துல எண்பது நாள் வேலை செஞ்சிருக்கணும். லீவுக்கு முந்தின மூணு மாசத்துல வாங்கின கூலியைக் கூட்டி, வேலை செஞ்ச நாளால வகுங்க. மழைக்கு மூடின நாளைச் சேக்காதீங்க, சராசரி கொறஞ்சிடும். வர்ற தொகைதான் ஒரு நாள் சம்பளம். மொத ரெண்டு கொழந்தைக்கு இருபத்தாறு வாரம் வரைக்கும் தரணும்.”

“கிலோ கூலிக்குமா?” என்று கேட்டார் அமீனுல்லா.

“கிலோ கூலிக்கும்தாங்க.”

அமீனுல்லா நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அந்த வருடம் புது வண்டி வாங்க நினைத்திருந்தார். அவர் பார்வை செல்லம்மாவிடம் போய் நின்றது. அவள் தலை குனிந்திருந்தது.

“வண்டி அடுத்த வருஷம் வாங்கிக்கலாம்,” என்றவர் சிவசங்கரியிடம் திரும்பினார். “நீ முழு லீவும் எடுத்துக்கம்மா. பணம் வூட்டுக்கே வந்துரும்.”

கொட்டகை அதிரக் கைதட்டல் எழுந்தது. சிவசங்கரி கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்க, வளையல்கள் கலகலத்தன. “அழாதேடி, பாயசம் உப்புக் கரிக்கும்!” என்று யாரோ கத்த, செல்லம்மாதான் முதலில் சிரித்தாள்.

பெண் குழந்தை பிறந்தது. சொன்னபடியே பணமும் வந்தது. மூன்றாவது மாதம் குழந்தையைப் பார்க்க வந்த அமீனுல்லாவுடன், பக்கத்து ஊர்ப் புளி வியாபாரி சந்திரனும் வந்திருந்தார். சிவசங்கரி இன்னும் விடுப்பில் இருப்பது அவருக்கு வியப்பாக இருந்தது.

“கிலோ கூலிக்காரிக்குப் போய் இவ்ளோ தரணுமா பாய்?”

அமீனுல்லா குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டார். “கூலி கூடும், கொறையும் சந்திரா. அதுக்காகப் பெத்தவளோட உரிமை கொறையுமா? கணக்கு தெரியலன்னா கேட்டுத் தெரிஞ்சுக்கணும். தெரியலன்னு சொல்லியே புள்ளத்தாச்சி வயித்துல அடிக்கக் கூடாது. உங்கிட்ட வேலை செய்யற ஒரு பொண்ணும் முழுகாம இருக்குதே? தொழிலாளர் துறை நம்பர் தர்றேன், இப்பவே போன் போடு.”