மில் ஆபீசிலிருந்து வந்த கார்டு

ரங்கூனில் குண்டு விழுந்து நாலு மாதம் ஆகியிருந்தது. அண்ணனூர் நாகவல்லியின் புருஷன் துலுக்கானம் அங்கே ஓர் அரிசி மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். கல்யாணமான இரண்டாம் வருஷம் கப்பலேறியவன். ஆறு மாதத்துக்கு ஒரு தரம் யார் கையையாவது காலையாவது பிடித்து ஒரு கடுதாசி எழுதிப் போடுவான். குண்டு விழுந்த பிறகு அதுவும் நின்றுபோயிற்று.

மில்லுக்குப் பட்டணத்தில் ஓர் ஆபீஸ் இருப்பதாகக் கேள்விப்பட்டு, ஆவடி ஸ்டேஷனில் பார்சல் குமாஸ்தாவாக இருந்த சம்பத்தைக் கொண்டு ஒரு மனு எழுதிப் போட்டாள். சித்திரையில் பதில் வந்தது. துலுக்கானத்தின் பெயர், மில்லில் அவனுக்கிருந்த நம்பர், அதற்கு நேராக இங்கிலீஷில் ஒரே ஒரு சொல். சம்பத் கார்டைத் திருப்பிப் பார்த்தான். வேறொன்றும் எழுதியிருக்கவில்லை.

“லெப்டுன்னு போட்டுக்கீது” என்றான்.

“அப்டீன்னா இன்னா, ஐயா?”

“கெளம்பிப் போய்ட்டான்னு அர்த்தம்.”

எங்கே போனான் என்று கேட்டாள். எழுதவில்லை என்றான். நல்ல சேதியா, கெட்ட சேதியா என்று கேட்டாள். சம்பத் பொய் சொல்லத் தெரியாதவன். அந்தச் சொல்லை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்று கார்டை அவள் கையில் கொடுத்தான். அவள் அதை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அப்போது ஆவடியில் பட்டாளத்துக்காகக் கொட்டகைகள் எழும்பிக்கொண்டிருந்தன. மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பும் பெண்களில் நாகவல்லியும் ஒருத்தி. பக்கத்து மைதானத்தில் புதிதாகச் சேர்ந்த ஆட்களை ஒரு ஹவில்தார் நடக்கப் பழக்குவான். ஏர் பிடித்த கால்கள். எது எந்தக் கால் என்பது தடுமாறாமலிருக்க எல்லோருக்கும் ஒரு கணுக்காலில் மட்டும் தென்னங்கீற்றைக் கட்டி விட்டிருந்தான். “லெப்டு” என்று அவன் கத்தினதும் கீற்றுக் கட்டிய கால்கள் ஒன்றாக எழும்பும்.

கூடையோடு நின்றுவிட்டாள் நாகவல்லி. அன்று மாலை ஸ்டேஷனுக்கு ஓடிப்போய்ச் சம்பத்தைக் கேட்டாள். ஆமாம், இடது பக்கத்துக்கும் அதே சொல்தான், எழுத்துகூட மாறாது என்றான் அவன்.

பட்டாளத்துச் சமையல்காரன் மத்தியானத்தில் மிச்சச் சோற்றை மண்வேலைப் பெண்களுக்குப் போடுவான். ஒரு நாள் வெள்ளைக்கார சார்ஜென்ட் அண்டாவைக் காட்டி ஏதோ கேட்டான். சமையல்காரன் சொன்ன பதிலில் அந்தச் சொல் இருந்தது. நாகவல்லி கூடவே வேலை செய்த தாயம்மாவின் கையைப் பிடித்து, அவன் என்ன சொன்னான் என்று கேட்டாள். பட்டாளத்து வீடுகளில் பாத்திரம் துலக்கியதில் தாயம்மாவுக்கு இரண்டொரு வார்த்தை பழக்கம். சோறு மீந்திருக்கிறதாம் என்றாள்.

நாகவல்லிக்குச் சோறு இறங்கவில்லை. போனதற்கும் அதே சொல், மீந்ததற்கும் அதே சொல். புளியமரத்து நிழலில் கண்ணை மூடினால், ரங்கூன் ஜனங்கள் நடந்து வருவதாகக் கேள்விப்பட்ட, பார்த்தேயிராத மலைகள் வந்தன. ஆயிரம் பேர் நடக்கிறார்கள். எல்லோர் காலிலும் கீற்று. சத்தமே இல்லாமல் கால்கள் எழுந்து எழுந்து இறங்குகின்றன. புழுதி மெல்ல மேலே போய் மேகமாகி அவள் தலைமேல் நிற்கிறது. அந்தக் கூட்டத்தில் அவனும் இருக்கிறான் என்பது தெரிகிறது, முகம்தான் தெரியவில்லை. சங்கு ஊதியதும் எழுந்து கூடையைத் தூக்குவாள். மேடேறும்போது தன் கால்களும் அந்தக் கணக்கில் விழுவதை உணர்வாள். அவள் ஒரு அடி வைத்தால் அவனும் எங்கோ ஒரு அடி வைக்கிறான் என்று தோன்றும். அதனால் அந்த நாட்களில் அவள் மற்றவர்களைவிட இரண்டு நடை கூடவே நடந்தாள்.

அந்த மாதம் ஜப்பான்காரன் வருகிறான் என்று பட்டணமே காலியாகிக்கொண்டிருந்தது. பூந்தமல்லி ரோடு நெடுக வண்டி வண்டியாகப் பெட்டியும் படுக்கையும் மேற்கே போயின. வீட்டைப் பூட்டிவிட்டு வந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனார்கள். அவர்களுக்கும் அந்தச் சொல்லைத்தான் எழுதுவார்களோ என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அவளுடைய அண்ணன் கோவிந்தன் ரயில் தண்டவாளத்தில் வேலை செய்கிறவன். தங்கையின் நிலையைப் பார்க்கச் சகிக்காமல் கார்டை ஒரு நாள் வாங்கிக்கொண்டு போய், பூந்தமல்லிக் கச்சேரி வாசலில் மனு எழுதுகிறவரிடம் காட்டினான். திரும்பி வந்தபோது அவன் முகம் கறுத்திருந்தது.

“வுட்டுட்டான்னு எழுதிக்கீதாம்” என்றான்.

நாகவல்லி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். “யார வுட்டான்னு எழுதிக்கீதா?”

கோவிந்தன் யோசித்தான். “அது எழுதல.”

“அப்ப ரங்கூன வுட்டுட்டான்.”

பருத்திப்பட்டில் ராமன் என்றொருவன், பெண்டாட்டி செத்தவன், நல்ல உழைப்பாளி. ஆடி கழிந்ததும் தங்கையைத் தருவதாக அவனுக்கு வாக்குக் கொடுக்கக் கோவிந்தன் முடிவு செய்திருந்தான். நாகவல்லி சண்டை போடவில்லை. ஆடி கழியட்டும் என்றாள்.

ஆனி முடிய ஏழெட்டு நாள் இருக்கையில், ஒரு முற்பகல் மழை பெய்து விட்டது. வேலை நடந்த இடம் முழுக்கச் செம்மண் சேறு. ஓரத்தில் ஒருவன் நின்று தாயம்மாவிடம் ஏதோ கேட்டான். தாயம்மா இவள் பக்கம் கையைக் காட்டினாள். முடியெல்லாம் காய்ந்த புல் மாதிரி, கால் இரண்டும் வீங்கி, கல்கத்தா அகதி முகாமில் கொடுத்த காக்கிச் சட்டை தொளதொளவென்று தொங்க, அவன் சேற்றில் மெதுவாக நடந்து வந்தான். பத்தடி தூரம் வரைக்கும் அது துலுக்கானம் என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்த பிறகு கூடையை இறக்கவும் தோன்றவில்லை. அவன்தான் அவள் தலையிலிருந்து அதை இறக்கி வைத்தான்.

பத்து நாள் அவன் தூங்கினான், கஞ்சி குடித்தான், மறுபடி தூங்கினான். கோவிந்தன் கோழி அடித்துக் குழம்பு வைத்துக் கொண்டுவந்தான். பருத்திப்பட்டுப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. பதினோராம் நாள் காலையில் துலுக்கானம் கொஞ்சம் பேசினான். நாகவல்லி கார்டை எடுத்துக் காட்டி, அதில் இருந்த சொல்லைச் சொன்னாள். இத்தனை நாள் தன்னோடு நடந்த சொல் என்பதை மட்டும் சொல்ல வெட்கப்பட்டாள்.

அவன் கார்டை வாங்கிப் பார்த்தான்.

“ரங்கூன் மில்லு ரிஜிஸ்டர்ல கணக்கப்புள்ள இது எழுதறப்போ நான் எதிர்லதான் நின்னுகினு இருந்தேன். ஊருக்குப் போறேன், பேர அடிச்சுக்கோன்னேன். இத எழுதினான். அப்பறம், முன்னாடி குண்டு வுழுந்தப்போ கொடோனுக்குள்ள செத்தவங்க பேருக்கும் இதத்தான் எழுதினான். இன்னாடா இதுன்னு கேட்டேன். எல்லாம் ஒண்ணுதான், ஆள் இல்ல, அவ்ளோதான்னான்.”

நாகவல்லி உட்கார்ந்தாள்.

“யார் யாரு?” என்று கேட்டாள்.

பதின்மூன்று பேர். ஒன்பது பேர் தெலுங்குக்காரர்கள். மற்றவர்களில் ஒருவன், துலுக்கானத்தோடு ஒரே கப்பலில் போன குத்தம்பாக்கத்து வேம்புலி. அவனைத் தன் கையால் குழி வெட்டிப் புதைத்ததாகச் சொன்னான். வேம்புலியின் பெண்டாட்டி முத்தம்மாளை நாகவல்லி ஒரு முறை திருமழிசைச் சந்தையில் பார்த்திருக்கிறாள். அவளும் மனு போட்டிருப்பாள், அவளுக்கும் ஒரு கார்டு வந்திருக்கும். அவளும் யாரையாவது கேட்டிருப்பாள். கிளம்பிவிட்டான் என்று யாராவது சொல்லியிருப்பார்கள்.

நேரில் போய்ச் சொல்லக் குத்தம்பாக்கத்துக்குக் கிளம்பினார்கள். துலுக்கானத்துக்கு அவ்வளவு தூரம் நடக்கத் தெம்பில்லை. கோவிந்தன் ஒரு கட்டை வண்டி கேட்டு வாங்கி, தானே ஓட்டினான். ஏரித் தண்ணீருக்கு மேலே வெயில் வெள்ளையாகப் படுத்திருந்தது. அந்தப் பாதை முடியாமலே இருந்தால் நன்றாயிருக்கும் என்று நாகவல்லி நினைத்தாள்.

முத்தம்மாள் வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். துலுக்கானத்தைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். முகமெல்லாம் மலர்ந்து, அவனைத் தாண்டி வண்டிக்குள் பார்த்தாள். அதற்குப் பின்னால் பாதையைப் பார்த்தாள்.

துலுக்கானம் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு உள்ளே போய், அரிசிப் பானைக்குள் கைவிட்டு ஒரு கார்டை எடுத்து வந்து நாகவல்லியிடம் நீட்டினாள்.

“இதுல அப்டி இல்லியே. பொறப்புட்டு வந்துகினு கீறார்னு தானே போட்டுக்கீது?”

நாகவல்லிக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் எத்தனையோ தெரியும். ஒன்றையும் எடுத்துச் சொல்லாமல் முத்தம்மாளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். வெகு நேரம் கழித்துத்தான் முத்தம்மாள் அப்படியே வாசலில் உட்கார்ந்தாள்.

புருஷனையும் அண்ணனையும் வண்டியில் திருப்பி அனுப்பிவிட்டு, காரியம் முடிகிறவரை பதினாறு நாள் அவள் அங்கேயே தங்கினாள். ஆவடியில் அவள் இடத்துக்கு வேறு ஆள் போட்டுவிட்டதாகத் தாயம்மா சொல்லியனுப்பினாள். காலையில் முத்தம்மாள் எழுந்திருக்காத நாட்களில் நாகவல்லியே வாசல் பெருக்கி, ஆட்டை அவிழ்த்து ஏரிக்கரைக்கு ஓட்டிக்கொண்டு போனாள்.