ஆளைத் தாழவிடாத கடல்

பத்மநாதனுக்கு எட்வேட் கொடுக்க வேண்டிய கடன் முந்நூற்று இருபது பவுண்ஸ். இருவரும் டூட்டிங் பக்கத்து மரக்கறி வெயர்ஹவுஸ் ஒன்றில் பெட்டி தூக்குகிறவர்கள். மாதா கோயில் ஆட்களோடு ஜோர்தானுக்கு யாத்திரை போகக் கடைசித் தவணை குறைந்தபோது, பல்லுக் கட்டவென்று சேர்த்து வைத்திருந்த காசைத்தான் பத்மநாதன் எடுத்துக் கொடுத்திருந்தார்.

பயணத்துக்கு முந்தின கிழமை, சாப்பாட்டு நேரத்தில், யாத்திரையை ஒழுங்கு செய்த டொலறஸ் அக்கா சொன்னதெல்லாவற்றையும் எட்வேட் ஒப்புவித்தான்.

"அங்கத்தைய டினார் எங்கட பவுண்ஸை விடப் பெறுமதியாம் அண்ணை. வெள்ளிக்கிழமையிலை கனக்கக் கடையள் பூட்டாம். பைப் தண்ணி குடிக்கப்படாதாம். பெண்டுகள் தோளை மூடவேணுமாம். சாக்கடலுக்குப் போறதெண்டால் முதல் நாளே ஷேவ் எடுக்கப்படாதாம், எரியுமாம். வெள்ளிச் சங்கிலியைக் கழட்டிப்போட்டு இறங்கட்டாம், கறுத்துப் போகுமாம்."

பத்மநாதன் பாணைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டே, எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

"பிறகு, அந்தக் கடலிலை ஆள் தாழாதாம்."

அவருக்குப் புரை ஏறிவிட்டது. "ஆருக்கடா கடலைப் பற்றிச் சொல்லித் தாறாய்? நான் மயிலிட்டியான். தாழவிடாத கடல் எண்டு ஒண்டு உலகத்திலை இல்லை. நீ முருங்கன் வயல்காரன், வாய்க்காலிலையே நீந்தத் தெரியாதவன்."

"டொலறஸக்கா போன முறை போய் மிதந்தவ அண்ணை."

"அவ மிதப்பா, அவவின்ர உடம்புக்கு. நீ மிதந்து காட்டு பாப்பம். காட்டினியெண்டால் அந்தக் காசு எனக்கு வேண்டாம். தண்ணிக்குள்ளை தாண்டு போனியெண்டால் ரெண்டு மடங்கு தரவேணும்."

"தாண்டு போனால் ஆரிட்டை அண்ணை வாங்குவியள்?"

சாப்பாட்டு அறை முழுக்கச் சிரித்தது. ஆனால் பத்மநாதன் வீட்டில் மனைவி கமலேஸ்வரி சிரிக்கவில்லை. "பல்லுக் காசை வைச்சுப் பந்தயமோ? பொக்கை வாயோடை திரியுங்கோ" என்று அன்றிலிருந்து புருசனைப் பிடித்துத் தின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் குசினிச் சிங்கில் மீன் வெட்டிக்கொண்டு நின்றபோது வீடியோ கோல் வந்தது. கரையில் நின்று போனைப் பிடித்திருந்தவ டொலறஸ். இடுப்பளவு தண்ணீரில் எட்வேட். அவனுக்குப் பின்னால் பச்சையும் நீலமும் கலந்த நீர்ப்பரப்பு, அதற்கப்பால் புகை மூடினதுபோல மலை.

"அலை எங்கையடா?" பத்மநாதன் முதல் கேட்டது அதைத்தான்.

"இல்லை அண்ணை. தண்ணி எண்ணெய் மாதிரிப் பிசுபிசுக்குது."

எட்வேட் கதிரையில் இருக்கப்போகிறவன்போலப் பின்பக்கமாய் மெல்லச் சரிந்தான். பத்மநாதனின் கை மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்தது. எட்வேட் தாழவில்லை. இரண்டு காலும் வலை மிதப்பைப்போலப் பொசுக்கென்று மேலே வந்தன.

"கீழை ஆரும் பிடிச்சிருக்கினமோ?"

"மாதாவாணை ஒருத்தரும் இல்லை."

"காலை அடிக்காதை. ரெண்டு கையையும் மேலை தூக்கு."

நல்லாய் நீந்துகிறவன்கூடத் தண்ணீருக்கு மேலே இரண்டு கையையும் தூக்கினால் தாழ்வான். மயிலிட்டியில் அது சின்னப்பிள்ளைக்கும் தெரியும். எட்வேட் பொலிசுக்குச் சரணடைகிறவன் மாதிரி இரண்டு கையையும் வானத்துக்கு உயர்த்தினான். கடல் அவனைத் தொட்டிலில் போட்ட பிள்ளையாய் அப்படியே ஏந்தி வைத்திருந்தது.

பத்மநாதனின் தம்பி குலம் வலை இழுக்கப் போய்க் காற்றில் அகப்பட்டவன். வள்ளம் கவிழ்ந்தபடி கரை ஒதுங்கியது, அவன் ஒதுங்கவில்லை. கடலென்றால் எடுக்கும், அது அதன் குணம் என்றுதான் இவ்வளவு காலமும் அவர் மனத்தைத் தேற்றி வைத்திருந்தார். எடுக்க மாட்டேன் என்கிற கடலும் இந்தப் பூமியில்தான் கிடந்திருக்கிறது.

"இதுக்குள்ளை விழுந்திருந்தால், தேடிப் போகும்வரைக்கும் கிடந்திருப்பான், என்ன?" என்றார், போனுக்கு இல்லை, மனைவிக்கு.

கமலேஸ்வரி மீன் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு வந்து பக்கத்துக் கதிரையில் இருந்தாள். அவளும் படத்தையே பார்த்தாள். பல்லைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை.

"அண்ணை, லைன் கட்டாயிட்டுதோ?"

"இல்லை, நிக்கிறன். கண்ணுக்குள்ளை தண்ணி விடாதை."

"அதைத்தான் இஞ்சை காவல் நிக்கிறவையும் கத்துகினம். குப்புறப் பிரளவும் வேண்டாமாம், பிரண்டால் நிமிரக் கஷ்டமாம். கால் மணித்தியாலத்துக்கு மேலை கிடக்கவும் விடமாட்டினமாம்." எட்வேட் போன் பக்கம் தலையைத் திருப்பினான். "அண்ணை, நான் பகிடிக்குத்தான் பந்தயம் பிடிச்சனான். காசை மாதக் கடைசியிலை தந்திடுவன்."

"என்ன காசு?"

"முந்நூற்று இருபது..."

"அது முடிஞ்சுதடா. ஒரு சதமும் தரவேண்டாம். பேசாமல் இன்னும் கொஞ்ச நேரம் அப்பிடியே கிட, நாங்கள் பாக்கிறம்."