கலைமதிக்குப் பால் ஆகாது

கலைமதி பால் குடித்தால் மழை பெய்யும். மரக்காணத்தில் இது எல்லோருக்கும் தெரியும். பஸ் ஸ்டாண்டில் டீ ஆற்றுகிறவருக்கும் தெரியும், உப்பு ஏற்ற வெளியூரிலிருந்து வரும் லாரி டிரைவர்களுக்கும் தெரியும். தாய்ப்பால் குடித்த காலத்தில் ஒன்றும் நடக்கவில்லை. முதல் பிறந்தநாளன்று, சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கும் நேரத்தில், அவள் அம்மா ஆண்டாள் ஒரு சங்கு பசும்பால் புகட்டினாள். பிள்ளை சப்புக்கொட்டி முடிப்பதற்குள் வீட்டுக்கு மேலே மேகம் கூடி, வாசலில் நின்றால் கண்ணுக்கு எட்டுகிற தூரம் வரைக்கும் கொட்டித் தீர்த்துவிட்டது. வாரிக் குவித்திருந்த உப்பெல்லாம் கரைந்து வாய்க்காலோடு போயிற்று. பக்கத்தில் கூனிமேட்டில் ஒரு சொட்டு இல்லை, அங்கே கருவாடு நன்றாகவே காய்ந்தது.

உப்பளத்துக்கு மழை எவ்வளவு பெரிய எமன் என்பதை அங்கே வேலை பார்த்தவர்களிடம்தான் கேட்க வேண்டும். தையில் பாத்தி கட்டினால் புரட்டாசி வரைக்கும் வெயிலை நம்பித்தான் பிழைப்பு. ஆகவே அன்றிலிருந்து கலைமதியின் வாயை ஊரே காவல் காத்தது. எதற்கு எவ்வளவு என்பதும் நாளடைவில் பிடிபட்டது. டம்ளர் பாலுக்கு அடைமழை. தயிர்சாதத்துக்குச் சாரல். மோருக்கு மப்பு போடும், சொட்டு விழாது. நெய்க்குக் காற்று மட்டும். பால்கோவா ஒரே ஒருமுறைதான் நடந்தது, ஆலங்கட்டி விழுந்து பள்ளிக்கூடத்து ஓடு உடைந்தது. அவள் அப்பா கலியன் உப்பு வாருகிறவர். மகள் யார் வீட்டிலோ தின்ற மில்க் பிஸ்கட்டால் தான் காலையிலிருந்து வாரிய உப்பு கரைவதைப் பார்த்துக்கொண்டு வரப்பில் சும்மா நின்றிருக்கிறார். பாத்திகளின் முதலாளி காசிலிங்கம் எதற்கெடுத்தாலும் எரிந்துவிழும் மனிதர், ஆனால் அந்தப் பிள்ளையை மட்டும் ஒருநாளும் ஏசியதில்லை. அவள் பள்ளிக்கூடம் போகிற வழியிலிருந்த கடைகளுக்கெல்லாம் தானே நடந்துபோய்ச் சொல்லிவைத்தார். வகுப்பில் யாராவது பிறந்தநாளுக்குச் சாக்லேட் கொடுத்தால் டீச்சர் அதை நைசாக வாங்கிக்கொண்டு கடலை மிட்டாய் கொடுத்துவிடுவார். இத்தனை பேர் கன்னத்தைக் கிள்ளி வளர்ந்த பிள்ளை எங்கள் ஊரில் வேறு கிடையாது. சாக்லேட் மட்டும் அவள் வாய்க்குப் போனதில்லை. மற்ற பிள்ளைகள் பேப்பரைப் பிரிக்கும்போது அவள் வாசனை பிடிப்பாள், அவ்வளவுதான்.

ஐப்பசி, கார்த்திகையில் வானமே பொத்துக்கொண்டு ஊற்றும்போது, உப்பளமெல்லாம் தண்ணீரில் மூழ்கிக் கிடக்கும்போது, "இப்பயாவது ஒரு டம்ளர் குடியேன்டி, யாருக்கு நட்டம்?" என்று அக்கம்பக்கத்தார் பாலை நீட்டுவார்கள். அவள் தலையை ஆட்டிவிடுவாள். பழக்கமில்லாததால் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள். விஷயம் அதுவல்ல. பால் பட்டால் அவளுக்கு வயிறு வலிக்கும். ஈரத்துணியை முறுக்குகிற மாதிரி உள்ளே முறுக்கும். சின்ன வயதில் சொல்லியும் இருக்கிறாள். ஆனால் அவள் சொல்லுகிற நேரத்தில் மேலே இடி இடித்துக்கொண்டிருக்கும், எல்லோரும் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு பாத்திக்கு ஓடிக்கொண்டிருப்பார்கள். பெற்ற ஆண்டாளே ஓடியிருக்கிறாள். சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டுக் கலைமதியும் விட்டுவிட்டாள். நாங்கள் கெட்டவர்கள் இல்லை, வானத்தைப் பார்த்தே கழுத்து அப்படித் திரும்பிப்போனவர்கள்.

அவள் படித்து முடித்து, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மெடிக்கல் ஷாப்பில் பில் போடும் வேலைக்குப் போனாள். வரன் வர ஆரம்பித்தது. எல்லாம் உப்பளமில்லாத ஊர்களின் விவசாயக் குடும்பங்கள். மழை அவள் நிற்கிற இடத்தில்தான் பெய்யும் என்பது இரும்பை கிராமம் வரைக்கும் பரவியிருந்தது. தாம்பூலத் தட்டில் பூ, பழத்தோடு ஒரு சொம்புப் பாலும் வைத்து எடுத்து வந்தார்கள். கீழ்புத்துப்பட்டிலிருந்து வந்த ஒரு வீட்டார், சீர் எதுவும் வேண்டாம், நாங்களே பெண்ணுக்குக் கறவை மாடும் கன்றும் தருகிறோம் என்றார்கள். காசிலிங்கத்துக்கு ஏக சந்தோஷம். அவள் வேறு ஊருக்குப் போய்விட்டால் உப்பளம் பிழைக்கும், அங்கே நிலமும் விளையும், இதைவிடப் பொருத்தம் உண்டா என்று கலியனிடம் கேட்டார். கலைமதி சொம்பைப் பார்த்ததுமே எழுந்து உள்ளே போய்விடுவாள். கல்யாணம் என்பது அவளுக்கு ஆயுசு முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுக்கிற வேலையாகத் தெரிந்தது.

இரும்பையிலிருந்து சகாதேவன், தெய்வநாயகி தம்பதியின் மகன் ஜெயசீலன் வந்தபோதும் தட்டில் சொம்பு இருந்தது. அவர்களுக்கு மானாவாரியாகக் கொஞ்சம் நிலம், மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுவார்கள். கிணறு வற்றிப்போயிருந்தது. ஜெயசீலன் இடையஞ்சாவடியில், பால், முட்டை எதையும் தொடாத வெள்ளைக்காரர்கள் வந்து சாப்பிடும் ஒரு ஓட்டலில் சமையல் வேலை பார்த்தான். ரெண்டு பேரும் பேசிவிட்டு வரட்டும் என்று பெரியவர்கள் கிணற்றடிக்கு அனுப்பினார்கள்.

"பால் குடிச்சா உங்களுக்கு என்னா ஆவும்?" என்று கேட்டான்.

"தெரியாதா? மழ வரும்."

"அது மேல ஆவுறது. உங்களுக்கு என்னா ஆவும்?"

கலைமதி நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். "வயிறு வலிக்கும்," என்றாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. கிணற்றடியில் அழுதுவிட்டு வந்த பெண்ணைப் பார்த்து சம்பந்தம் முறிந்தது என்று எல்லோரும் நினைக்க, அவள் சம்மதம் என்றாள்.

மாசி மாதம் இரும்பை சிவன் கோயிலுக்கு ஆண்டாளோடு போயிருந்தாள். மாப்பிள்ளை வீட்டாரும் வந்திருந்தார்கள். ஜெயசீலன் ஒரு எவர்சில்வர் டப்பாவை நீட்டினான். உள்ளே கருப்பாக, சதுரம் சதுரமாக, பர்பி மாதிரி. இதற்கு ஃபட்ஜ் என்று பெயர், தேங்காய்ப்பாலில் செய்தது, சொட்டுப் பால் கிடையாது, நீ தைரியமாகச் சாப்பிடலாம் என்றான். இருபத்தாறு வயதில் முதல்முதலாக அவள் வாயில் சாக்லேட் கரைந்தது. கண்ணை மூடிக்கொண்டாள். திறக்கும்போது நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது. அப்புறம் தூறல். கோயிலுக்கு அடுத்தாற்போலிருந்த சகாதேவனின் நிலத்தில் வாடிக்கிடந்த மல்லாட்டைச் செடி தலையைத் தூக்கிற்று. சகாதேவன் சின்னப் பிள்ளை மாதிரி மழையில் நின்று சிரித்தார். கலைமதிக்கு வயிற்றை முறுக்க ஆரம்பித்தது. அவள் செடியைப் பார்த்தாள், மாமனாராகப் போகிறவரின் சிரிப்பைப் பார்த்தாள், கடைசியாக ஜெயசீலனைப் பார்த்தாள். மற்றவர்கள் சொம்பை வெளிப்படையாக வைத்தார்கள், இவன் இனிப்புக்குள் ஒளித்துவைத்தான் என்று அவளுக்குத் தோன்றியது. அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். போன் நம்பரையும் பிளாக் பண்ணிவிட்டாள்.

பங்குனியில் ஒருநாள் காலை அவன் மரக்காணத்துக்கு வந்து அவள் வீட்டு வாசலில் நின்றான். கையில் ஒரு பை, பையில் இரண்டு டப்பா. கலைமதி உள்ளே கூப்பிடவில்லை, கதவையும் சாத்தவில்லை.

"ஓட்டல்ல சுத்தமான கோக்கோ பவுடர்தான் போடுவோம். அன்னைக்கு வூட்ல செஞ்சேன். கடையில இதக் குடுத்தாங்க. குடிக்கிற சாக்லேட் பவுடராம், இதுலயே பால் பவுடர் கலந்திருக்குது. பின்னாடி பொடி எழுத்துல போட்டிருக்கான். நான் பாக்கல. தப்பு என்னுது."

"உங்கப்பா நெலத்துல மழ பெஞ்சிச்சில்ல?"

"பெஞ்சிச்சு. மல்லாட்ட பொழச்சிச்சு. அப்பாவுக்கு சந்தோஷம். பொய் சொல்ல மாட்டேன். ஆனா நீங்க வயித்தப் புடிச்சிக்கிட்டு பஸ் ஏறுனதப் பாத்தேன். அன்னையிலேர்ந்து எனக்கு சோறு எறங்கல."

அவள் நகர்ந்து வழிவிட்டாள். "இங்கயே செய்ங்க. என் கண்ணு முன்னாடி. ஒண்ணு ஒண்ணையும் நான் ருசி பாத்துதான் சட்டியில போடணும்."

இந்தச் செய்தி அடுப்பைப் பற்றவைப்பதற்குள் உப்பளத்துக்குப் போய்விட்டது. காசிலிங்கம் வேலையை நிறுத்தி எல்லாக் குவியலையும் பனையோலை போட்டு மூடச் சொல்லிவிட்டு, குடையோடு வந்து வாசலில் உட்கார்ந்தார். ஆண்டாள் தேங்காய் துருவினாள். மிக்சியில் அடித்துப் பிழிந்த முதல் பால் வெள்ளைவெளேரென்று கிண்ணத்தில் விழுந்தபோது வாசலில் நின்றவர்கள் ஒரு அடி பின்னால் நகர்ந்தார்கள். கலைமதி ஒரு ஸ்பூன் குடித்தாள். ஒன்றும் ஆகவில்லை. நாட்டுச்சர்க்கரையை நாக்கில் வைத்தாள். ஒன்றும் ஆகவில்லை. கோக்கோ பவுடரைத் தொட்டு நக்கி, கசக்கிறது என்று முகத்தைச் சுளித்தாள். வானம் சுளிக்கவில்லை. தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்ந்து கெட்டியாகிக் கரண்டியில் ஒட்டும் பதம் வந்ததும் ஜெயசீலன் அடுப்பை அணைத்தான். கோக்கோவையும் ஒரு கரண்டி தேங்காயெண்ணெயையும் போட்டுக் கட்டியில்லாமல் கிளறினான். கடைசியில் ஒரு சிட்டிகை உப்பு வேண்டும் என்றான். கலியன் தன் மடியிலிருந்து நாலு கல் எடுத்து நுணுக்கிக் கொடுத்தார். எண்ணெய் தடவின தட்டில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்தார்கள். அது இறுகும் வரைக்கும் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. இவ்வளவு சுலபமான இனிப்பை இத்தனை வருஷமாக ஒருத்தரும் அவளுக்குச் செய்து கொடுக்கவில்லையே என்று ஆண்டாள் புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். யோசித்தால் எங்களுக்கும் வெட்கமாகத்தான் இருந்தது.

கலைமதி ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். காசிலிங்கம் குடையை விரித்தார். ஊர் முழுக்க அண்ணாந்து பார்த்தது. மேகம் என்று பெயர் சொல்ல ஒரு பஞ்சுத் துணுக்குகூட இல்லை. எல்லோரும் கழுத்தை இறக்கிப் பார்க்கும்போது தட்டில் பாதி காலியாகியிருந்தது, கலைமதி ஐந்தாவது துண்டை மென்றுகொண்டிருந்தாள். "எனக்கும் ஒண்ணு குடும்மா," என்று காசிலிங்கம் கை நீட்டினார். தின்றுவிட்டு, உப்பு தூக்கலாக இருக்கிறது, நம்ம உப்பு அப்படித்தான் என்றார்.

ஆனி முகூர்த்தத்தில் இரும்பையில் கல்யாணம். அந்த வருஷம் கோடை மழை பொய்த்துவிட்டது. விதைக்க ஈரமில்லாமல் ஜனங்கள் தவித்துக்கொண்டிருந்தார்கள். பத்திரிகை வைக்காத ஊர்களிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். எல்லோருக்கும் தெரியும், தாலி கட்டி மருமகள் வீட்டுக்குள் வந்ததும் பாலும் பழமும் கொடுத்தாக வேண்டும். அது சாஸ்திரம், அவள் மறுக்க முடியாது. சிலர் விதை மல்லாட்டையை உடைத்துத் தயாராக வைத்துவிட்டு, டிராக்டருக்கும் சொல்லிவிட்டு வந்திருந்தார்கள். தெய்வநாயகி வெள்ளி டம்ளரில் பால் எடுத்து வந்தார். வாசலில், ஜன்னலில், தெருவில் தலைகள். வீட்டில் அதுவரை சொல்லாமலிருந்ததைச் சொல்ல ஜெயசீலன் வாயைத் திறந்தான். கலைமதி அவன் கையை அழுத்திவிட்டுத் தானே பேசினாள்.

"அத்த, எனக்குப் பால் ஆவாது. குடிச்சா வயிறு வலிக்கும். ரொம்ப வலிக்கும்."

இடி இடிக்காத ஒரு வீட்டில், யாரும் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடாத நேரத்தில், அவள் அதை ஊர் கேட்கச் சொன்னது அதுதான் முதல்முறை. எல்லோருக்கும் தெளிவாகக் கேட்டது. தெய்வநாயகி டம்ளரைப் பிடித்தபடி நின்றார். வெளியே அவருடைய நிலமும் காய்ந்துதான் கிடந்தது, அது அவருக்குத் தெரியாதா?

"மழ வரும், மழ வரும்னு எல்லாரும் சொன்னாங்களே," என்றார். "வலிக்கும்னு ஒருத்தரும் சொல்லலியேம்மா."

டம்ளரைத் தூக்கி மடக்மடக்கென்று தானே குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து, "பால் சாங்கியம் முடிஞ்சிது. போயி எலையில உக்காருங்க," என்றார். பிறகு மருமகள் தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த தட்டிலிருந்து ஒரு துண்டு ஃபட்ஜை எடுத்து வாழைப்பழத்தோடு சேர்த்து அவள் வாயில் ஊட்டினார். கலைமதி மென்றாள். மாமியார் வானத்தைப் பார்க்கவில்லை, மருமகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "வலிக்குதா?" என்று கேட்டார். இல்லை என்று அவள் தலையசைத்ததும் இன்னொரு துண்டை எடுத்தார்.

அந்தப் போகத்தில் சகாதேவனுக்கு மல்லாட்டை பாதிதான் தேறியது. கொஞ்ச நாள் அவர் மருமகளைப் பார்க்கும்போதெல்லாம் வானத்தையும் பார்த்தார், பிறகு அந்தப் பழக்கம் விட்டுப்போயிற்று. ஆட்கள் வருவது மட்டும் நிற்கவில்லை. இன்றைக்கும் வறட்சி என்றால் யாராவது ஒரு சொம்போடு இரும்பை வீட்டுப் படியேறுகிறார்கள். தெய்வநாயகி அவர்களை உட்காரவைத்து, சொம்பை வாங்கி, அவர்கள் கண்முன்னாலேயே கடைசிச் சொட்டு வரைக்கும் குடிக்கிறார். அதனால் உடம்பு கொஞ்சம் கூடிவிட்டது, டாக்டர் திட்டுகிறார். வந்தவர்கள் முணுமுணுத்தால் காலிச் சொம்பை அவர்கள் மடியில் வைத்து, "மழ வேணும்னா வானத்தக் கேளு. என் மருமவ வயித்தக் கேக்காத," என்கிறார். உள்ளே கலைமதி தட்டில் ஃபட்ஜ் வெட்டிக்கொண்டிருக்கிறாள். வந்தவர்களுக்கும் ஆளுக்கு ஒரு துண்டு கிடைக்கிறது. தின்றுவிட்டு, நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டு, வெயிலில் இறங்கிப் போகிறார்கள்.