உறவினர் ஒருவர் மட்டும்

1

இந்தக் கதை எனக்கு மாடிப்படியில் கிடைத்தது. லிஃப்ட் மக்கர் செய்த ஒரு மாலையில், எதிர்வீட்டுப் பெண் காய்கறிப் பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித் திருப்பத்தில் உட்கார்ந்திருந்தாள். மூச்சு வாங்குகிறாள் போல என்று நானும் உட்கார்ந்தேன். அழுதுகொண்டிருந்தாள். அவள் புரோகிராம் எழுதுகிறவள் என்பது மட்டும் எனக்குத் தெரியும். விசாரித்தேன்.

"நான் எழுதின ஒரு வரியால அக்காவும் தம்பியும் பேசிக்கறதில்ல" என்றாள்.

அவள் கண்ணைத் துடைப்பதற்குள் என் புத்தி முதல் வாக்கியத்தைத் தேட ஆரம்பித்துவிட்டது. எழுத்தாளர் ஜாதிக்கு வெட்கம் கிடையாது. எழுதட்டுமா என்று கேட்டேன். எழுதுங்க என்றாள். இத்தனை சுலபமாக யாரும் எனக்குக் கதை கொடுத்ததில்லை.

2

முதல் தொடக்கம்: "மழை கொட்டிக்கொண்டிருந்த அந்த மாலையில் மருத்துவமனையிலிருந்து—"

(மழை பெய்யவில்லை. வெயில் மண்டையைப் பிளந்ததாம். அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: "மாமியாரின் சாவுக்கு அவள்தான் காரணம் என்று—"

(அபாண்டம். மாமியார் வயதாகி, நோய் முற்றிப் போனார். அதில் இவளுக்குப் பங்கில்லை.)

மூன்றாவதாக, அவள் வேலையிலிருந்தே தொடங்கிப் பார்க்கிறேன். அவள் கம்பெனி ஒரு மருத்துவமனைக்குப் புது மென்பொருள் செய்து கொடுத்தது. மருத்துவமனையின் தகவல்கள் பழைய டேபிள்களில், அதாவது கட்டம் போட்ட பட்டியல்களில், இருந்தன. நோயாளிகளுக்கு ஒரு டேபிள், அவர்களின் உறவினர்களுக்கு ஒரு டேபிள். ஒரு நோயாளிக்கு எத்தனை உறவினர்களை வேண்டுமானாலும் வரிசை வரிசையாகச் சேர்க்கலாம். ஆனால் புரோகிராமில் டேபிள் கிடையாது. அங்கே நோயாளி என்பது ஒரு ஆப்ஜெக்ட். பெயர், வயது, படுக்கை எண் எல்லாவற்றையும் தனக்குள் வைத்திருக்கும். டேபிளின் எந்த வரிசை ஆப்ஜெக்ட்டின் எந்த இடத்தில் போய் உட்கார வேண்டும் என்று பொருத்திக் கொடுப்பதுதான் அவள் வேலை.*

* இதை எனக்குப் புரியவைக்க அவள் என் சமையலறை அலமாரியையே கலைத்துக் காட்ட வேண்டியிருந்தது.

உறவினருக்கு அவள் ஒரே ஒரு இடம் வைத்தாள். டேபிளில் பத்துப் பேர் இருந்தாலும் முதல் ஆள் வந்து உட்கார்ந்துகொள்வார். மற்றவர்கள் வெளியே நிற்பார்கள். புரோகிராம் முணுமுணுக்கக்கூட இல்லை. சோதித்துப் பார்க்கிற சக ஊழியர் மட்டும், ரெண்டு பேர் இருந்தா என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறார். ஒப்படைக்க வேண்டிய அவசரத்தில், அப்புறம் பார்த்துக்கலாம் என்று இவள் சொல்லியிருக்கிறாள். அந்த அப்புறம் வரவேயில்லை.

3

மாமியாரை அதே மருத்துவமனையில்தான் சேர்த்தார்கள். உறவினர்கள் என்று மகன் பெயரையும் மகள் பெயரையும் கொடுத்தார்கள். மகள், அதாவது இவளுடைய நாத்தனார், மருத்துவமனைக்குப் பின் தெருவில் இருந்தார். தினமும் சாயங்காலம் வந்து அம்மாவுக்குத் தலை வாரிவிட்டுப் போவார். மகன், இவள் கணவர், இருந்தது ஊரின் மறுகோடியில்.

நிலைமை மோசமானதும் நர்ஸ் ஒரு பொத்தானை அழுத்தினார். கணவருக்கு அழைப்பு வந்தது. 'உறவினருக்குத் தெரிவிக்கப்பட்டது' என்று நர்ஸுக்குத் திரையில் தெரிந்தது.

காரில் கிளம்பினார்கள். சிக்னலில் நிற்கும்போது கணவர் போனை எடுத்தார்.

"அக்காவுக்கு ஒரு போன் போட்டுடறேன்."

"வேணாங்க. நாங்க பண்ணின சிஸ்டம்தான். பேர் குடுத்த எல்லாருக்கும் போயிருக்கும். நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

அந்தப் பேச்சில் கொஞ்சம் பெருமையும் இருந்தது என்று அவளே சொன்னாள். நான் கேட்கவில்லை.

போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கடைசி நேரத்தில் அந்த அம்மாளின் பக்கத்தில் ஒருவரும் இல்லை. தெரிந்தும் அக்கா வரவில்லையே என்ற கோபத்தில் கணவர் அதன் பிறகும் போன் செய்யவில்லை. நாத்தனார் வழக்கம்போல் சாயங்காலம் சீப்போடு வந்தார். கட்டில் காலியாக இருந்தது.

4

பிறகு நடந்தது எல்லாக் குடும்பங்களுக்கும் தெரிந்த சண்டை. ஏண்டா எனக்குச் சொல்லவில்லை என்று அக்கா கேட்டார். ஆஸ்பத்திரியில் சொல்லியும் பின் தெருவிலிருந்து உன்னால் வர முடியவில்லையா என்று தம்பி கேட்டார். அழைப்பே வரவில்லை என்று அக்கா போனை நீட்டினார். வந்த அழைப்பை அழிக்கத் தெரியாதா என்று தம்பி சொல்லிவிட்டார். அந்தச் சொல்லுக்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றது.

சில மாதம் கழித்து, வேறு ஏதோ கோளாறு என்று மருத்துவமனையிலிருந்து புகார் வர, அவள் பழைய வரிகளைப் புரட்டினாள். உறவினருக்கு ஒரே இடம். நாத்தனாருக்கு ஏன் அழைப்பு போகவில்லை என்று அப்போதுதான் புரிந்ததாம். ஒருவர் இருந்த இடத்தைப் பலர் இருக்கும்படி மாற்றினாள். அதிகம் போனால் ஒரு டீ குடிக்கிற நேர வேலை. வீட்டுக்கு வந்தாள். கணவர் சட்டை மடித்துக்கொண்டிருந்தார். சொல்ல வாயெடுத்தாள், சாப்பிடலாமா என்று கேட்டாள்.

அன்று சொல்லாததால் மறுநாள் சொல்வது கஷ்டமானது. இப்போது தப்பை விட, தப்பை மறைத்ததுதான் பெரிதாகிவிட்டது.

5

(இங்கே எனக்கு ஒரு சந்தேகம். இந்த நாத்தனாரை நான் சரியாக எழுதியிருக்கிறேனா? அவருக்கும் ஒரு கோபம், ஒரு அசட்டுச் சிரிப்பு, பிடிக்காத சீரியல் எல்லாம் இருக்கும். என் கதையில் அவருக்கு நான் வைத்திருப்பது ஒரே ஒரு இடம், சீப்போடு நிற்கும் மகள். மற்றதையெல்லாம் வெளியே நிறுத்திவிட்டேன். அவளைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. கணவரையும் நான் முரடராக்கியிருக்கிறேன். லிஃப்டில் பார்க்கும்போது அவர் மெலிந்துபோயிருக்கிறார், அதை எழுத—)

6

இரண்டு முடிவுகள் எழுதினேன்.

ஒன்று: அவள் சொல்லிவிடுகிறாள். அவர் அக்காவுக்குப் போன் செய்கிறார். அக்கா எடுக்கிறார். (மூன்று பேரும் அழுகிறார்கள். எனக்கே கூச்சமாக இருந்தது.)

இன்னொன்று: அவள் சொல்லவேயில்லை. மகனோடு இருக்க நாத்தனார் வெளிநாடு போய்விடுகிறார். கதவு பூட்டிய அந்த வீட்டைத் தாண்டி இவள் தினமும் ஆபீஸ் போகிறாள்.

இந்த இரண்டாவது முடிவில் பாதி உண்மை. நாத்தனார் இந்த மாதக் கடைசியில் கிளம்புகிறார். திரும்பி வருகிற யோசனை இல்லை.

அடையாளம் தெரியாமலிருக்க மருத்துவமனையை வங்கியாகவும், புரோகிராமரைக் கணக்கராகவும் மாற்றியிருந்தேன். அவள் என் முன்னறையில் உட்கார்ந்து முழுவதையும் படித்தாள். பேனா கேட்டு வாங்கினாள். வங்கியை அடித்து மருத்துவமனை என்று எழுதினாள், கணக்கரை அடித்துத் தன் வேலையை எழுதினாள். கடைசியில் இரண்டு முடிவுகளையும் குறுக்காக அடித்தாள்.

"அவரு உங்க கதை ஒண்ணு விடாம படிப்பாரு. எனக்கு வாய் வரல. நீங்க சொல்லிடுங்க. அதுக்கு மேல எழுத வேணாம்."

ஊரே படிக்குமே என்றேன்.

"படிக்கட்டும். எத்தனை நாள்தான் அவர் பக்கத்துலயே உக்காந்து பொய் சாப்பாடு சாப்பிடறது."

அவள் அடித்த முடிவுகளை அவளுக்குத் தெரியாமல் திரும்பச் சேர்த்திருக்கிறேன். பத்திரிகையில் வந்ததும் அவளிடம் திட்டு வாங்கிக்கொள்கிறேன்.

7

மற்ற வாசகர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

எதிர்வீட்டுக்காரரே, உங்கள் அக்கா பொய் சொல்லவில்லை. அவருக்கு அழைப்பு போகவேயில்லை. நீங்கள் போன் செய்ய நினைத்ததும் உண்மை; அதை யாரும் அக்காவிடம் சொல்லவில்லை. உங்கள் மனைவி மீது உங்களுக்குக் கோபம் வரும். வர வேண்டியதுதான். சமாதானம் சொல்ல நான் வரவில்லை.

நீங்கள் இதைப் படிக்கும்போது, பத்திரிகை வந்தது அவளுக்குத் தெரிந்திருக்கும். நீங்கள் எந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள் என்று பார்க்கத் தைரியமில்லாமல் உள் அறையில் இருப்பாள். மருத்துவமனைக்குப் பின் தெரு வீட்டில் உங்கள் அக்கா பெட்டி கட்டிக்கொண்டிருப்பார்.

இருவரில் யாரை முதலில் கூப்பிடுவது என்பதை நான் எழுதப் போவதில்லை.