காணவில்லை, அதிகம் பகிரவும்

வெள்ளிமலைப் பேருந்து கள்ளக்குறிச்சியை விட்டுக் கிளம்பும் முன்பே அம்சவள்ளி அந்தப் படத்தைத் தன் வாட்ஸ்அப் குழுக்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டாள். 'கலையரசியைக் காணவில்லை. பார்த்தவர்கள் அழைக்கவும். அதிகம் பகிரவும்.' கீழே கணவனின் எண். பாவம், யார் பெற்ற பெண்ணோ என்று நினைத்துக்கொண்டாள்.

மலை வளைவுகளில் பக்கத்து இருக்கைப் பெண்ணுக்குக் குமட்டியது. முகக்கவசத்தைக் கழற்றினாள். அதே முகம்.

"ஏம்மா, நீ கலையரசிதான? உன்ன ஊரே தேடிக்கினு கீது, நீ இன்னாடான்னா ஜன்னல் சீட்டுல காத்து வாங்கிக்கினு வர! இரு, உன் வூட்டுக்காரருக்குப் போன் போடறேன்."

"வேணாங்க்கா." அவள் தலைப்பை விலக்கினாள். கழுத்தைச் சுற்றிக் கயிற்றுத் தடம் கன்றிப்போயிருந்தது. "அது கையில மாட்டுனா இந்த வாட்டி உசுரோட வுடாது."

அம்சவள்ளி வாட்ஸ்அப்பைத் திறந்தாள். ஒவ்வொரு குழுவாகப் படத்தை அழித்தாள். கடைசிக் குழுவில் அதற்குள் ஒருவர் பதில் போட்டிருந்தார்: 'பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். கணவருக்குச் சொல்லிவிட்டேன்.' அதன் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள்.

அவளே அந்த எண்ணை அழைத்தாள். "அண்ணே, உங்க வூட்டம்மா சேலம் பஸ்ஸுல ஏறிச்சி. என் கண்ணால பாத்தேன்."

"சேலமா?"

"கரியாலூர் எறங்குறவங்க முன்னாடி வாங்க!" என்று நடத்துனர் கத்தினார்.

அது மறுமுனைக்கும் கேட்டுவிட்டது. "நீ எந்த பஸ்ஸுல கீற?"

அம்சவள்ளி இணைப்பைத் துண்டித்தாள். கலையரசியின் பையைத் தானே தூக்கிக்கொண்டாள்.

"எறங்கு. போலீஸ் ஸ்டேஷன் இங்கதான். நானும் வரேன்."

அம்சவள்ளியின் ஊருக்கு இன்னும் நான்கு நிறுத்தங்கள் இருந்தன.