முதலில் விழித்தது ஜீரோ

பேக்கரியில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்பவன் தம்பி. இடது ஓவனில் நிற்பவள் அவனுடைய சொந்த அக்கா. முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி அவனுக்கு அந்த நாற்காலியை வாங்கிக் கொடுத்ததே அவள்தான். இதை முதலிலேயே சொல்லிவிட்டால், அவன் செய்த காரியம் எவ்வளவு கேவலம் என்பது தானாகப் புரிந்துவிடும்.

இரண்டு ஓவன்களின் வெப்பமானிகளும் தனித்தனிக் கேபிளில் கம்ப்யூட்டருக்கு வரும். அது தன் இஷ்டத்துக்குப் பேர் வைக்கும்: கரண்ட் வந்ததும் முதலில் விழித்த வெப்பமானி யுஎஸ்பி ஜீரோ, அடுத்தது யுஎஸ்பி ஒன்று. ஜீரோ என்றால் இடது, ஒன்று என்றால் வலது என்று தம்பி புரோகிராம் எழுதிவிட்டு, வேலை முடிந்ததென்று எழுந்துவிட்டான். ஒருநாள் காலை கரண்ட் போய் வந்தது. வந்தபோது வலது ஓவனின் வெப்பமானி முந்திக்கொண்டது. ஜீரோ என்ற பேர் அதற்குப் போய்விட்டது.

திரை 'இடது ஓவன்' என்று காட்டியது, பிஸ்கட் வேகும் வலது ஓவனின் மிதமான சூட்டை. அக்கா அதை நம்பித் தீயைக் கூட்டினாள். இருபது தட்டு ரொட்டி கருகிப்போயிற்று.

"ஸ்கிரீன்ல கம்மியாத்தான்டா காட்டிச்சு," என்றாள், எல்லோர் முன்னாலும்.

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுக்கா. நீ சரியா பாத்திருக்க மாட்டே," என்றான் தம்பி, முதலாளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

அன்றே அவளை அட்டைப்பெட்டி மடிக்க அனுப்பிவிட்டார்கள். கூட வேலை செய்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? மத்தியானத்துக்குள் அவளுக்குக் 'கரியக்கா' என்று பேர் விழுந்துவிட்டது.

மறுநாள் அவனுக்கு விஷயம் பிடிபட்டது. வெப்பமானிகளின் முதுகில் அச்சடித்திருந்த எண்களைப் பார்த்து, எந்த எண்ணுக்கு எந்தப் பேர் என்று இரண்டு வரி எழுதினான். இனி எது முந்தினாலும் இடது இடதுதான். ஐந்து நிமிட வேலை.

வாயைத் திறக்கத்தான் ஒன்பது நாள் ஆயிற்று. அக்கா தினமும் அவனுக்கும் சேர்த்துத்தான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டான். வெட்கமாக இருந்தது, ஆனாலும் சாப்பிட்டான்.

பத்தாம் நாள் முதலாளி அவன் தோளைத் தட்டினார். "உங்கக்காவ மாத்தினதுக்கப்புறம் ஒரு ரொட்டி கருகல, பாத்தியா?"

அதற்கு மேல் மென்று விழுங்க முடியவில்லை.

"தப்பு என்னோடது சார். ஸ்கிரீன்தான் மாத்திக் காட்டிச்சு. எனக்கு மறுநாளே தெரிஞ்சுபோச்சு, சொல்லல," என்றான். எல்லோரையும் கூப்பிட்டு அதையே மறுபடி சொன்னான். முதலாளி கன்னாபின்னாவென்று திட்டினார். அதுகூட அவனுக்கு ஆறுதலாக இருந்தது. அக்கா திட்டவில்லை. பாதி மடித்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, கையுறையை மாட்டிக்கொண்டு தன் ஓவனுக்குப் போனாள்.

கொஞ்ச நேரத்தில், தட்டு அடுக்குகிறவர் பழக்கதோஷத்தில் குரல் கொடுத்தார். "கரியக்கா, தட்டு ரெடி!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அதற்குள் அக்கா, "இதோ வந்துட்டேன்" என்று திரும்பியிருந்தாள்.